1951 செவ்ரோலே 3100: பின் ஆக்ஸில் மாற்ற உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1951 செவ்ரோலே 3100 பிக்கப் ஒன்றைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஒரு குழாய்க்குள் அடங்கித்தான் சுழலும்; அந்தக் குழாய் பழைய கியர்பாக்ஸோடும் ஆக்ஸிலோடும் இணைந்தது. அதனால் புது கியர்பாக்ஸ் வைத்தால் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆறு போல்ட்டுகள் 5.5 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்த பழைய வீல்களை விட மனசில்லை, அவ்வளவு அழகு. அதற்குப் பொருந்தி, ஃபெண்டருக்குள் அடங்கும் அகலத்தில் எந்த வண்டியின் ஆக்ஸில் சரியாக வரும்?

அப்புறம், லீஃப் ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளை நானே வெட்டிச் செய்யப்போகிறேன். வண்டியின் எடை முழுவதும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு பினியன் கோணம் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் முனையின் சாய்வு) பார்த்து, முதலில் டேக் வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைப்பதாக எண்ணம். 6 மி.மீ. தகடு போதுமா? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.