ஆதிக் கருந்துளைகள்தான் இருண்ட பொருளா? ரெண்டு இடத்தில் கணக்கு இடிக்குது

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):
வணக்கம். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் படிவம் 6 பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பு: ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியும் இருண்ட பொருள், ஆதிக் கருந்துளைகளால் ஆனதா? தொடக்க அண்டத்தில் உருவான கருந்துளைகளில் எந்த எடைக்கு மேல் இன்னும் ஆவியாகாமல் (துகள்களை உமிழ்ந்து உமிழ்ந்தே கரைந்துபோகாமல்) இருக்கும்? 1,380 கோடி ஆண்டைச் சூத்திரத்தில் போட்டால் 1.7×10¹¹ கிலோ வருது. கட்டுரைகளில் 5×10¹¹. அடுத்தது, சுபாரு தொலைநோக்கி சின்னக் கருந்துளைகளை ஒதுக்கிவிட்டது என்கிறார்கள். அப்படின்னா 10¹⁴ முதல் 10¹⁹ கிலோ வரை உள்ளவை இருண்ட பொருளாக இருக்கலாம் என்று இன்னும் ஏன் திறந்து கிடக்கு?

ஜெலுத்தோங் (பினாங்கு):
உங்க பெருக்கல் சரி, சூத்திரம்தான் குறை. 8.4×10⁻¹⁷ஐ எடையின் மூன்றாம் அடுக்கால் பெருக்கியிருப்பீங்க. அது ஒளித்துகள் மட்டும் வெளியேறுவதாக வைத்துக்கொள்ளும். 5×10¹¹ கிலோ கருந்துளையின் வெப்பநிலை 2.4×10¹¹ கெல்வின், அந்தச் சூட்டில் எலெக்ட்ரான், பாசிட்ரான், நியூட்ரினோ எல்லாம் சேர்ந்து கொட்டும். இயற்பியலாளர் டான் பேஜ் 1976இல் ஒவ்வொரு துகளாகக் கணக்கிட்டார். எடையில் மூன்று மடங்குதான் வித்தியாசம், ஆனால் ஆயுளில் 24 மடங்கு.

அதற்கு மேல் 10¹⁴ கிலோ வரை உள்ளவை இன்னும் இருக்கும். ஆனால் இருண்ட பொருள் மொத்தமும் அவைதான் என்றால் வானத்தில் இப்போது பதிவாவதைவிட அதிகக் காமா கதிர் தெரிந்திருக்கணும்.

ஒரு சின்ன விஷயம்: பலகையில் இருண்ட பொருளைக் ‘கரும்பொருள்’ என்று எழுதிடாதீங்க. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது வெப்பக் கதிர்வீச்சுப் பாடத்தில் வரும் வேறொன்று, விழும் கதிர் முழுவதையும் உறிஞ்சும் பொருள். இந்தத் தலைப்பில் இரண்டுமே வரும், பிள்ளைகள் குழம்பிடுவாங்க.

பாயான் பாரு (பினாங்கு):
சுபாரு விஷயம் நான் சொல்றேன். 2014 நவம்பரில் ஒரே இரவு, 7 மணி நேரம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று 8.2 மீட்டர் ஆடியால் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமேடாவை எடுத்தார்கள். கருந்துளை குறுக்கே போனால் அதன் ஈர்ப்பு வில்லை மாதிரி ஒளியை வளைக்கும், பின்னால் உள்ள விண்மீன் கொஞ்ச நேரம் கூடுதலாக ஒளிரும். ஆயிரம் முறையாவது தெரியணும் என்ற இடத்தில் தேறியது ஒரே ஒரு சந்தேகம். முடிவு 2019இல் வந்தது.

ஆனால் எடை குறையக் குறைய இந்த வழி இரண்டு விதத்தில் கைவிடும். ஈர்ப்பு வில்லையின் வளையம், அதாவது ஒளி வளைந்து குவியும் பரப்பு, விண்மீனின் வட்டைவிடச் சிறுத்துவிடும். வட்டில் ஒரு புள்ளி பிரகாசித்து என்ன, மொத்த வெளிச்சம் அசையாது. மற்றது அலைநீளம். 10¹⁷ கிலோ கருந்துளையின் ஆரம் 0.15 நானோமீட்டர், பார்க்கிற ஒளியோ 600 நானோமீட்டர். கூழாங்கல்லைக் கடல் அலை சட்டை செய்யாத மாதிரி ஒளி அதைச் சுற்றிப் போய்விடும். முதல் கணக்கில் எல்லா விண்மீனையும் சூரியன் அளவாக எடுத்ததும் ஒரு குறை. அவ்வளவு தூரத்தில் தெரிபவை பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. 2020இல் அதைத் திருத்தியபோது தடை இன்னும் தளர்ந்தது.

தொலைவில் நிகழும் காமா கதிர் வெடிப்புகளை வைத்து இந்த எடை இடைவெளியை அடைக்கப் பார்த்ததும் செல்லாது என்று 2018இல் தெரிந்தது. அங்கேயும் அதே கோளாறு, ஒளிமூலம் பெரிது.

செந்தூல்காரன்:
நன்றி அண்ணே. “பூமியில் மோதினால் என்னாகும்?”னு கட்டாயம் கேட்பாங்க. என்ன சொல்றது?

ஜெலுத்தோங்:
எண்ணோடு சொல்லுங்க. பினாங்குத் தீவு 293 சதுர கிலோமீட்டர். அதை 130 மீட்டர் ஆழத்துக்குக் கருங்கல்லாக வெட்டினால் 10¹⁴ கிலோ. அத்தனையும் அணுவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சின்ன இடத்தில். நம் பக்கத்தில் இருண்ட பொருளின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 7×10⁻²² கிலோ. எல்லாமே இந்த எடைத் துளைகள் என்றாலும், நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைத் தொடுவது கிட்டத்தட்ட 20 கோடி ஆண்டுக்கு ஒருமுறை. அதுவும் நிற்காது, துளைத்து மறுபக்கம் போய்விடும். சைபீரியாவில் நடந்த 1908 துங்குஸ்கா வெடிப்புக்கு 1973இல் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். வட அட்லாண்டிக்கில் வெளியேறிய தடயம் இல்லாததால் எடுபடவில்லை.

பாயான் பாரு:
மோதலை விடுங்க, செவ்வாயைப் பாருங்க. அதன் தூரம் சுமார் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கப்படுது. இத்தகைய துளை ஒன்று உள் சூரியக் குடும்பத்தைக் கடந்தால் செவ்வாயின் பாதை சில ஆண்டுகளில் ஒரு மீட்டர் விலகலாம் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். தொல்லை என்னன்னா, அதே எடைச் சிறுகோளும் இழுக்கும். வேகத்தை வைத்துத்தான் பிரிக்கணும்: சிறுகோள் சூரியனுக்குக் கட்டுப்பட்டுச் சுற்றும், இது வந்த வேகத்தில் வெளியே போய்விடும்.