பார்தொலோமே தீவில் பென்குயின் வந்த அந்தப் பத்து நிமிடம்

கடலுக்குள் எதிர்ப்பட்ட உயிரினங்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதுவதைப் படித்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இது பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது.

சந்தியாகோ தீவை ஒட்டிக் கிடக்கும் குட்டி எரிமலைத் தீவு பார்தொலோமே. மொத்தமே 1.2 சதுர கிலோமீட்டர்தான். அங்குள்ள சாந்தா குரூஸ் தீவிலிருந்து காலையில் படகேறினோம். கலாபகோஸ் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட வந்தால்தான் இறங்கவே விடுவார்கள்.

முதலில் 114 மீட்டர் உச்சிக்கு ஏற்றம். அடி முதல் நுனி வரை மரப்படி போட்டிருக்கிறார்கள். படியை விட்டு இறங்கக் கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார். குனிந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அத்தனையும் எரிமலைச் சாம்பல், கால் பட்டாலே சரியும். அந்தச் சரிவில் சாம்பல் நிறத்திலேயே திட்டுத்திட்டாக டிக்விலியா என்ற செடி. பார்க்கக் காய்ந்து செத்தது மாதிரி இருக்கிறது, ஆனால் உயிரோடு வேர்பிடித்து நிற்கிறது. எனக்கு உச்சியில் தெரிந்த காட்சியைவிட அந்தச் செடிதான் மனதில் நின்றது.

பிறகு கடல். நாங்கள் போனது ஆகஸ்டில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று நம்பவே முடியாத குளிர், குளிர் தாங்கும் நீச்சலுடையான வெட்சூட் போட்டும் பல் கிட்டியது. ஆழத்திலிருந்து மேலெழும் அந்தக் குளிர்ந்த நீரோட்டம் கொண்டுவரும் சின்ன மீன்களை நம்பித்தான் பென்குயின்கள் இங்கே வாழ்கின்றன. 1982-83 எல் நினோவில் நீர் சூடாகி மீன் குறைந்தபோது முக்கால்வாசிக்கும் மேல் அழிந்துபோயின என்று வழிகாட்டி சொன்னார். அதைக் கேட்ட பிறகு ஒவ்வொன்றையும் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

செங்குத்தாக நிற்கும் பினக்கிள் பாறையின் அடியில் ஸ்நார்கெலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது. முதல் பென்குயினைக் கண்டதும் ஆசையில் காலை உதைத்துப் பின்னாலேயே போனேன். கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிட்டது. இரண்டு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது விதி. அதை மீறியது நான்தான், இன்றும் அதற்கு வருந்துகிறேன்.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதந்தேன். எனக்குக் கீழே வெள்ளி நிறக் குஞ்சு மீன்கள் கூட்டமாக நின்றன. திடீரென்று கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. கீழேயிருந்து இரண்டு பென்குயின்கள் அம்பு போல வந்தன, இறகிலிருந்து காற்றுக்குமிழ்கள் நூலாகப் பிரிந்தன. ஒன்று மீனை விழுங்கிவிட்டு என் மாஸ்க்குக்கு நேராக வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. கீழ் அலகின் இளஞ்சிவப்பும் மார்பில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன.

போகிறவர்கள் கவனிக்க: 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர்.

* * *

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் நான். நானும் பார்தொலோமே தீவுக்குப் போயிருக்கிறேன், பிப்ரவரியில். பென்குயின் கண்ணில் படவில்லை, கடலாமை பட்டது. கண்டல் மரங்களுக்கு நடுவே நடந்து தீவின் மறுபக்கத் தெற்குக் கடற்கரைக்குப் போனோம். அங்கே நீந்த அனுமதி இல்லை. மணலில் டிராக்டர் போன மாதிரி அகலமான தடம், முட்டையிட்ட ஆமைகள் இரவில் ஏறி இறங்கியது. ஒரு தாய் ஆமை மட்டும் விடிந்த பிறகும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாலு எட்டு வைக்கும், நிற்கும், பெருமூச்சு விடும். முழங்கால் ஆழ நீரில் சுறாக்களின் முதுகுத் துடுப்புகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் பதினைந்து பேர், யாரும் பேசவில்லை. முதல் அலை ஓட்டின் மேல் ஏறியதும் அதன் நடை மாறியது, அடுத்த அலையில் காணோம்.