குளத்துத் தண்ணீர்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

கண்டாவளைப் பெண் (வெள்ளவத்தை)

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் பற்றிய சர்ச்சை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விடயத்துக்கு வருகிறேன். அது சூடாக இருந்த நாட்களில் கொழும்பு 7 இல் ஒரு மண்டபத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த கமக்காரர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

தேநீர் நேரத்தில் அவர்களில் வயதான ஒருவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். குளம், கனகராயன் ஆறு, இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் எல்லாம் நிறம் நிறமாக இருந்தன. "பிள்ளை, எங்கள் கிளை வாய்க்கால் இதில் எது?" என்று கேட்டார். நானும் தேடினேன். அவருடைய வாய்க்கால் முடிகிற இடத்தில், திட்டத்தின் பெயரும் நிறங்களுக்கான விளக்கமும் எழுதிய வெள்ளைப் பெட்டி ஒன்று அச்சாகியிருந்தது. அவர் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இதற்குக் கீழேதான் நாங்கள் விதைக்கிறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கூட்டம் மறுபடி தொடங்கியதும் அவர் சொன்னதை ஒலிவாங்கியில் சொன்னேன். மேடையில் இருந்தவர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். "நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர்தான், குளத்தின் கொள்ளளவோடு பார்த்தால் மிகச் சிறிய அளவு" என்பது அவருடைய வாதம். மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் ஏறத்தாழ 21,000 ஏக்கருக்குப் பாய்கிற குளம் அது. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் இருக்கிற தண்ணீருக்கு ஏற்ப ஏக்கரைக் குறைத்து, பங்குபோட்டு விதைக்கிறோம். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசி வயல். அந்தச் "சிறிய அளவு" யாருடைய வயலிலிருந்து குறையும் என்பதை மண்டபத்தில் இருந்த ஒருவரும் சொல்லவில்லை.

புங்குடுதீவான் (கொட்டாஞ்சேனை)

அக்கா, அந்தப் பெரியவரின் கை எனக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தார் அடுத்தவரின் வாய்க்காலில் கைவைக்க வந்தவர்கள் என்று யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறிவிடும். தீவுகளில் அந்த நன்னீர்ப் படை இன்னும் மெல்லியது.

ஓர் ஆவணி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அயல் வளவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் மூன்று குடங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் என் கையில் கொஞ்சம் ஊற்றி, சுவைத்துப் பார்க்கச் சொன்னார். முதலாவது பவுசரில் வந்தது, குடிக்க. இரண்டாவது தூரத்துக் கோயில் கிணற்றிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தது, உலை வைக்க. மூன்றாவது அவருடைய சொந்தக் கிணற்றுத் தண்ணீர். அதை என்னால் விழுங்க முடியவில்லை. அவர் அரிசியை அந்த மூன்றாவது தண்ணீரில் களைந்தார், பிறகு இரண்டாவதில் ஒரு சிரட்டை எடுத்து அலசினார், அலசிய தண்ணீரை ஆட்டுக்கு வைத்தார். என்னோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே இத்தனையும் செய்தார்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் ஒரு திட்டம் வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். எங்கள் அப்பா காலத்துத் திட்டம் அது. இன்றுவரை முழுமையடையவில்லை. தலையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை 2024 இல் திறந்தார்கள். அதையாவது முதலிலேயே செய்திருந்தால், வயல் செய்கிறவரையும் குடத்தோடு நிற்பவரையும் இத்தனை ஆண்டுகள் எதிரெதிரே நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற பொறியியலாளர் (தெகிவளை)

என் அனுபவம் சிறியது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த இரவு, இரணைமடுவுக்குக் கீழே இருக்கிற ஒருவர் தெகிவளையில் இருந்த என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "ஐயா, வான்கதவை எத்தனை அடி திறந்திருக்கிறார்கள்? இன்னும் எவ்வளவு வரும்? மாடுகளை அவிழ்த்துவிடவா?" என்று கேட்டார். பின்னால் மழைச் சத்தம். அவிழ்த்துவிடச் சொன்னேன். வெள்ளநீரை வெளிவிடும் அந்தக் கதவின் அளவு எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, அணைக்கட்டுக்குக் கீழே இருக்கிற மனிதர் கொழும்பில் ஓய்வில் இருக்கும் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது.

மேலே எழுதியவர்களுக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும். முதலில் அந்த 27,000 கன மீற்றர். ஓர் ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 98 இலட்சம் கன மீற்றர், அதாவது சுமார் 8,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி). சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் அடிக்குச் சற்று மேலே போகும் என்று வைத்தால், 1,500 ஏக்கர் வயலின் தண்ணீர். நிரம்பி வான் பாய்கிற ஆண்டில் அது யாருக்கும் வலிக்காது, வீணாகக் கடலுக்குப் போவதில் ஒரு துளிதான். மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகத்தின் பெரும்பங்கையே அது விழுங்கும். சராசரியை மட்டும் காட்டி வாதாடினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். எந்த ஆண்டில், குளம் எத்தனை அடிக்குக் கீழே போனால், யார் முதலில் நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, போகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பருவ ஆரம்பக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும், அங்கே எடுக்கிற முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். அங்கே மூன்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய நீர்மட்டம், அனுமதித்த ஏக்கர், கடைசித் தண்ணீர் விடுகிற திகதி. நீர்மட்டத்தைக் கேட்கும்போது பாவிக்கக்கூடிய கொள்ளளவு எவ்வளவு என்றும் கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது.

மூன்றாவது, முதல் மழையோடு புழுதி விதைப்புச் செய்யுங்கள். சேறடிக்கக் குளத்துத் தண்ணீருக்குக் காத்திருப்பதில்தான் பெரும் தண்ணீர்ச் செலவு. இரண்டரை மாத பிஜி 250, மூன்று மாத பிஜி 300 போன்ற நெல் இனங்களை எடுத்தால் கடைசித் தண்ணீருக்கு முன்பே கதிர் முற்றிவிடும். ஒரே வாய்க்காலில் எல்லோரும் ஒரே வயது நெல் விதைக்க வேண்டும். ஒருவர் நான்கு மாத நெல் போட்டால் அவருக்காக முழு வாய்க்காலும் ஓட வேண்டியிருக்கும்.

நான்காவது, குளத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தியதும் எல்லோரும் நிரப்பிவைக்கச் சொல்கிறார்கள். நிரம்பிய குளத்தில் வெள்ளத்துக்கு இடம் இருக்காது. மார்கழியில் எவ்வளவு இடம் விட்டுவைப்பது என்ற கேள்வியைக் கமக்காரர் அமைப்புகளும் எழுப்ப வேண்டும்.

கண்டாவளைப் பெண் (வெள்ளவத்தை)

ஐயா, கணக்குக்கு நன்றி, அதைக் குறித்துவைத்திருக்கிறேன். புழுதி விதைப்பும் பிஜி 250 உம் எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று எண்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்படுகின்றன. வாசித்த ஏக்கருக்கு மேலே, வாய்க்கால் தொடங்கும் தலைப்பக்கத்தில் விதைத்துவிடுகிறார்கள், வாய்க்கால் ஓரத்தில் இயந்திரம் வைத்து இறைக்கிறார்கள். அறிவித்த கடைசித் தண்ணீர்த் திகதி வருவதற்கு முன்பே எங்கள் பக்கம் வாய்க்காலில் வெடிப்பு விழுந்துவிடுகிறது. மிஞ்சி விதைத்த ஏக்கரை யார் அளப்பது, அளந்தவர் சொல்லை யார் கேட்பது என்று சொல்லுங்கள். நெல் இனம் பற்றி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மண்டூர்த் தம்பி (மருதானை)

அக்கா கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது நடந்தது கிழக்கின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில்.

அப்பாவைக் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் வைத்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் உகணையைச் சேர்ந்த ஒரு சிங்களக் கமக்காரர். இரண்டு பேருக்கும் மற்றவரின் மொழி அரைகுறை. பெயர் கேட்பதற்கு முன்பே அவர் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது: "கதவு திறந்தால் உங்களுக்கு எத்தனையாம் நாள் தண்ணீர் வரும்?" அப்பா விரல்களைக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்களுக்கு அன்றைக்கே வந்துவிடும் என்றார். இருவரும் ஒரே இடதுகரை வாய்க்காலில், ஒருவர் தலையில், ஒருவர் வாலில், ஒரே தண்ணீரை வாழ்நாள் முழுவதும் பாய்ச்சியவர்கள்.

அப்பா அவருக்கு 1981 ஐ நினைவுபடுத்தினார். இங்கினியாகலை அணைக்குப் பின்னால், சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த ஆண்டு அது. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பின. அவர்கள் உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு வயல் வாய்க்காலாக நடந்து, அதில் பாய்ச்சுகிற பத்துப் பதினைந்து பேரை மட்டும் உட்காரவைத்துப் பேசினார்கள். கமக்காரர்கள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், மிச்சப்பட்டதைக் கீழே விட்டார்கள். தலைப்பக்கத்தில் சிங்களவர், வால்பக்கத்தில் தமிழர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பொறியியலாளர் ஐயா கோபிக்கக் கூடாது. உங்களுடைய பட்டியலில் எல்லாம் இருக்கிறது, அந்தப் பத்துப் பேரை உட்காரவைக்கிற ஆள் மட்டும் இல்லை. அக்காவின் வாய்க்காலில் மிஞ்சி விதைத்ததை அதே வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள்தான் அளக்க முடியும். வெளியிலிருந்து வருகிற அதிகாரி ஒருநாள் வந்து போவார்.

அந்த உகணைக்காரர் எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போனார். போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது.

மரக்கறி வியாபாரி (வத்தளை)

வடக்கு, கிழக்கு மட்டும் பேசுகிறோம். 2023 ஆகஸ்டில் தெற்கே உடவளவைக் கமக்காரர்கள் வீதியில் இருந்ததை மறந்துவிட்டோமா? வயல் வெடித்துக் கிடந்தது. மேலே, மின்சாரம் எடுக்கிற சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தது. அதைத் திறந்துவிட்டால் தெற்கில் மின்வெட்டு வரும் என்று ஒரு பக்கம், திறக்காவிட்டால் நெல் போய்விடும் என்று மறுபக்கம். அமைச்சரவை வரை போய், பிறகுதான் தண்ணீர் விட்டார்கள்.

அந்த வாரம் பேலியகொடைச் சந்தைக்கு எம்பிலிப்பிட்டியப் பக்கத்திலிருந்து வாழைக்குலை கொண்டுவருகிற ஒருவர் வழக்கம்போல் வந்தார். குலைகள் சிறுத்திருந்தன. விலை பேசவில்லை, நான் சொன்ன விலைக்கே தந்தார். வயலைப் பற்றிக் கேட்டேன். "முடிவு எடுக்கிறவர்களுக்கு இது வாரம். நெல்லுக்கு இது நாள்" என்றார். தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகும் எல்லா வயலும் பிழைக்கவில்லை என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார்.

கொழும்பில் இருக்கிற நாங்கள் மகாவலிக் காரியாலயத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறோம். நாட்டின் பெரிய நீர்த்தேக்கங்களில் எது மின்சாரத்துக்கு, எது வயலுக்கு என்று பருவத்துக்குப் பருவம் திட்டமிடுகிற நீர் முகாமைத்துவச் செயலகம் மகாவலி அதிகாரசபைக்குள்தான் இருக்கிறது. அங்கே என்ன முடிவாகிறது என்று எம்பிலிப்பிட்டியக்காரருக்கு ஒரு மாதம் முன்பாவது தெரிய வேண்டாமா?

முருங்கன் (தெமட்டகொடை)

சுருக்கமாக. மன்னாரில் இருக்கிற கட்டுக்கரைக்குளம் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது அல்ல. அருவி ஆறு அநுராதபுரம் பக்கமிருந்து மல்வத்து ஓயாவாக வருகிறது, தேக்கம் அணையில் மறித்து வாய்க்காலில் எடுக்கிறோம். மேலே குளங்கள் நிரம்பினால்தான் எங்களுக்கு வரும், ஒரேயடியாக நிரம்பினால் வெள்ளமாக வரும்.

மன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நாச்சதுவைக் குளத்தின் கீழே வயல் செய்கிறவர். நான் எங்கே இறங்குவேன் என்று கேட்டார், முருங்கன் என்றேன். உடனே, "எங்கள் குளம் நேற்று வான் பாயத் தொடங்கிவிட்டது, வீட்டுக்குச் சொல்லுங்கள்" என்றார். பஸ்ஸிலிருந்தே தம்பிக்கு அழைத்தேன். ஆற்றங்கரையில் வெட்டிக் குவித்திருந்த நெல்லை அன்றிரவே ஏற்றினார்கள். அந்த மனிதரின் இலக்கத்தை வாங்கிவைத்திருக்கிறேன். இப்போதும் மாரியில் அவர் அழைப்பார், இல்லாவிட்டால் நான் அழைப்பேன்.

பொறியியலாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மேலே இருக்கிற குளங்களின் நீர்மட்டம், வான்கதவு திறக்கிற நேரம், இவற்றை ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களின் கமக்காரர் அமைப்புகளுக்குத் தமிழில் நேரடியாக அனுப்பச் சொல்லி எழுதுவதென்றால், எந்தப் பதவியில் இருப்பவருக்கு எழுத வேண்டும்? கடிதத்தை நான் எழுதுகிறேன், முருங்கன், நானாட்டான் அமைப்புகளின் கையொப்பத்தையும் வாங்கித் தருகிறேன்.