முட்டைகோளா, முட்டையுண்ணலா?

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
வணக்கம். உயர்நிலை ஒன்று மாணவர்களை லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போகிறோம். பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பாலூட்டிகள் முட்டைகளைத் தின்றே டைனோசர்களை அழித்தன என்ற பழைய கருத்தை மாணவர்கள் ஆராயவேண்டும். ஒரு விலங்கின் முட்டையை இன்னொன்று தின்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'முட்டைக் கொள்ளை' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

ஈசூன் அன்பர்:
'முட்டைகோள்' என்க. ஆநிரை கவர்தலைத் தொல்காப்பியம் 'ஆகோள்' என்கிறதே! கூட்டையும் 'குடம்பை' என்றே எழுதுங்கள். 'குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே' என்ற குறளில் பரிமேலழகர் அச்சொல்லுக்கு முட்டை என்று பொருள் கொள்கிறார். கூடு என்றால் பறவை மீண்டும் வந்து புகும், உடம்புக்கு அது உவமையாகாது என்பது அவர் வாதம். முட்டைக்கும் கூட்டுக்கும் பொதுவாய் நின்ற சொல்லை இழக்கலாமா?

தோ பாயோ வாசகி:
ஐயா, 'கோள்' என்றதும் பிள்ளைகள் செவ்வாயையும் வியாழனையும் நினைப்பார்கள். உரையாசிரியர்களே உடன்படாத குடம்பை எதற்கு? சோரோபாடுகள் என்னும் நீள்கழுத்து டைனோசர்கள் தரையில் இட்டவற்றுக்கு 'முட்டைக்குழி' போதும். குஜராத்தில் அப்படியொரு குழியில், நொறுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்டபடியே ஒரு பாம்பு கல்லாகிக் கிடந்தது. சனாஜே என்று பெயர், 6.7 கோடி ஆண்டுப் பழமை. பக்கத்தில் அரை மீட்டர் நீளச் சோரோபாடு குஞ்சு. 'முட்டைச்சூறை' என்றால் அந்தக் காட்சி கண்முன் நிற்கும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
சூறையும் கொள்ளையும் பழிச்சொற்கள். 1923இல் மங்கோலியாவில் முட்டைகளின்மேல் கண்டெடுத்த டைனோசருக்கு, 1924இல் 'முட்டைக் கள்வன்' என்ற பொருளில் ஓவிராப்டர் என்று பெயரிட்டார்கள். 1993இல் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு இருந்தது. எழுபது ஆண்டுகள் திருட்டுப் பட்டம் சுமந்தது அடைகாத்த தாயோ தந்தையோ! ஆமையும் முதலையும் மண்ணில்தான் முட்டையிட்டன, பிழைத்தன. பாலூட்டிகளோ 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் டைனோசர்களோடு வாழ்ந்தவை. தீர்ப்பை மாணவர்கள் சொல்லட்டும், சொல் சொல்லவேண்டாம். 'முட்டையுண்ணல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தோ பாயோ வாசகி:
சரி. முட்டைக்குழியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஈசூன் அன்பர்:
எனக்கு உடன்பாடில்லை. நம் புளோக்கின் கீழ்க் காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயில், சில வேளை காக்கையின் முட்டையொன்றை அகற்றிவிடுகிறது. பசிக்காக அன்று. அதற்கு எந்தச் சொல்லை வைத்திருக்கிறீர்கள்?