மறுமொழி: அனற்றோகையா, அனல்தோகையா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாளில் ராக்கெட்டின் பின்னே பீறிடும் சூடான வளிமத் தாரையை ஆங்கிலத்தில் ‘plume’ என்பார்கள்; அதற்கு ஈடான தமிழ்ச்சொல்லின் இடம் இன்னும் வெற்றிடமாகவே கிடக்கிறது. ஆரம்பாக்கத்துப் பிள்ளைகள் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளைத் தெருவில் நின்றே பார்த்து வளர்ந்தவர்கள். தாம் கண்டதற்கு ஒரு பெயர் கேட்கிறார்கள்.

சத்தியவேட்டு ஐயா ‘புகைவால்’ போதும் என்கிறார். ஐயா, அந்தத் தாரையை ஆராயும் கருவி நாடுவது புகையை அன்று. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத் திட எரிபொருளில் அலுமினியத் தூள் இருப்பதால் வெண்புகை எழுகிறது என்பது உண்மையே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் அக்கருவி, அதாவது அகச்சிவப்பு நிறமாலைமானி, தேடுவன, 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் கார்பன் டை ஆக்சைடும் 3.5ஐ ஒட்டி ஒளிரும் ஹைட்ரஜன் குளோரைடும் போன்ற, கண்ணுக்குப் புலப்படாத சூடான வளிமங்கள். ஆய்வகத்தில் இக்கருவிக்குள் ஒரு விளக்கு இருக்கும். ராக்கெட்டை நோக்கும்போது அதற்கு வேலையில்லை, தொலைநோக்கி வழியே வரும் அந்த அனலே விளக்காகிறது. இடையிலுள்ள குளிர்ந்த காற்றின் கார்பன் டை ஆக்சைடு 4.3 பட்டையின் நடுப்பகுதியை விழுங்கிவிட, வரைபடத்தில் அதன் இரு ஓரங்களிலும் முகடுகள் மட்டும் எஞ்சுகின்றன. இவ்வளவையும் ‘புகை’ என்னும் சொல் மறைத்துவிடும்.

மயிலிறகைக் குறிக்கும் ‘பீலி’ அழகிய சொல். ஆனால் ‘பீலிபெய் சாகாடும்’ குறளை விளக்கிய பிறகே ராக்கெட்டுக்கு வர முடியும். ‘தோகை’ அப்படியன்று. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் அனல் அகன்று விரிவதைப் படமாக வரைந்த மாணவி ஒருத்தி, “கரும்புத் தோகை மாதிரி விரியுது மிஸ்” என்றாள். தெலுங்கில் ‘தோக’ என்றால் வால். வால்மீனை ‘தோகசுக்க’ என்பார்கள். ஆகவே சத்தியவேட்டு ஐயா விரும்பும் வாலும் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கும் இது அந்நியமாகாது.

எஞ்சியிருப்பது, ‘அனல்’, ‘தோகை’ என்னும் இரு சொற்களையும் சேர்த்தெழுதும் சொற்புணர்ச்சி. கல்லும் தூணும் கற்றூண் ஆவதுபோல் அனற்றோகை என்றே எழுத வேண்டும் என்னும் திருத்தணிப் புலவர் ஐயாவின் இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் கரும்பலகையில் அப்படி எழுதியபோது பிள்ளைகள் ‘றோகை’ என்றால் என்ன என்று கேட்டார்கள்; நான் அழித்துவிட்டு ‘அனல்தோகை’ என்று எழுதினேன். இதுவரை ஐவர் என் பக்கம், மூவர் புலவர் ஐயாவின் பக்கம். அவர் நேற்றிரவும் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை.

வியாழன் மாலைவரை காத்திருப்பேன். ‘infrared’ என்பதற்கு ‘அகச்சிவப்பு’ சரியா, ‘செங்கீழ்’ சரியா என்ற வழக்கை மட்டும் இத்தாளுக்குள் கொண்டுவர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.