அல்பேனியர்களைச் சந்தித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

சுவிஸ்வாசி:
சூரிச்சில் நான் வேலை செய்த சமையலறையில் பாதி எங்கட ஆக்கள், பாதி கொசோவோ அல்பேனியர்கள். பாத்திரம் கழுவ என்னோடு நின்றவர் 1999 போரில் கொசோவோவின் பிரிஸ்ரன் நகரில் இருந்து காரில் குடும்பத்தோடு வெளியேறியவர். அல்பேனியாவுக்குள் போகும் மொரினா எல்லையில் செர்பியப் பொலிஸ் எல்லாருடைய அடையாள அட்டையையும் பறித்துவிட்டு, கார் நம்பர் பிளேட்டையும் அவரையே கழற்றச் சொன்னதாம். திரும்பி வந்து இது என் ஊர் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான். சவர்க்காரத் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆணி கழற்றுகிற மாதிரி விரலைத் திருகிக் காட்டினார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாரி மாணவன்:
இங்கே இத்தாலியின் பாரி நகரில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அல்பேனியாவில் இருந்து வ்லோரா கப்பலில் வந்தவர். 1991 ஆகஸ்ட் 8, சுமார் 20,000 பேர், கியூபாவில் இருந்து சர்க்கரை ஏற்றி வந்த கப்பல் அது. இறங்கியவர்களை ஸ்டேடியத்தில் அடைத்து, சாப்பாட்டை ஹெலிகாப்டரில் இருந்து போட்டார்கள். ரொட்டி விழுந்த இடத்தில் பெரியவர்கள் முட்டி மோதியதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்துவிட்டது. பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இவர் எப்படியோ தப்பினார்.

வரலாற்றுப்பித்தன்:
இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். 1991இல் வந்தவர்கள் அல்பேனிய நாட்டுக்காரர்கள், கம்யூனிச ஆட்சி சரிந்து பசியில் கப்பல் ஏறியவர்கள். கொசோவோக்காரர்கள் துரத்தப்பட்டவர்கள், அவர்கள்தான் உண்மையான அகதிகள். நான் சந்தித்தவர் சிசிலியில், பியானா தெல்லி அல்பானெசி ஊர்ப் பெரியவர். ஒட்டோமான் படைக்குத் தப்பி வந்தவர்கள் 1488இல் அமைத்த ஊர், இன்றைக்கும் வீட்டில் பழைய அல்பேனிய மொழிதான் பேசுகிறார்கள். எந்த அல்பேனியரைப் பார்த்தாலும் முதலில் தாத்தாவின் ஊரைக் கேளுங்கள். கிரேக்கத்தின் எபிரஸ் என்றால் 1944-45இல் விரட்டப்பட்ட சாம் என்ற அல்பேனிய முஸ்லிம் மக்களாக இருக்கலாம், இன்றைய செர்பியாவின் நிஷ், தோப்லிட்சா பக்கம் என்றால் செர்பியப் படை விரட்டி 1878லேயே ஊரை இழந்த குடும்பம். அப்புறம் மதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முஸ்லிம், கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் மூன்று பேரும் உண்டு. சூரிச், ஜெர்மனி பக்கம் இருப்பவர்களிடம், அவர்களுடைய அப்பா போருக்கு முன்பே கூலி வேலைக்கு வந்தவரா என்றும் கேளுங்கள், யூகோஸ்லாவியா காலத்திலேயே அப்படி நிறையப் பேர் வந்தார்கள்.

சுவிஸ்வாசி:
தாத்தா ஊர் கேட்பது சரி. ஆனால் ‘உண்மையான அகதி’ என்று பிரித்துப் பேசாதீர்கள், பாரியில் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் கப்பல் சனத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பசியில் ஓடிய அதே அல்பேனியாதான் 1999இல் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கொசோவோ ஆக்களை ஏற்றது. என்னோடு வேலை செய்தவரின் குடும்பம் எல்லையை ஒட்டிய அல்பேனிய ஊரான குகஸில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில்தான் தங்கியது, வீட்டுக்காரர் தங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்களாம்.