சாயல்குடி சொந்தங்கள்: பைன் காட்டு வீடியோ

செல்வி அத்தை: கார்த்தி, நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். அந்த இயந்திரம் பச்சை மரத்தைக் கட்டிப்பிடித்து அடியிலேயே அறுத்து, நாலைந்தைச் சேர்த்துக் கீழே சாய்க்கிறது. மனசு கேட்கவில்லைப்பா. வனத்துறையே இப்படிச் செய்யலாமா?

கார்த்தி: பெரும்பாலும் சின்ன மரங்களைத்தான் எடுக்கிறார்கள் அத்தை. இங்கே அமெரிக்காவில், அரிசோனாவின் பாண்டரோசா பைன் காட்டில் முன்பெல்லாம் சில வருஷத்துக்கு ஒருமுறை தரையோடு தீ ஓடும். புல், சருகு, மரக்கன்று எரியும். பெரிய மரத்தின் பட்டை தடிமன், அதற்கு ஒன்றும் ஆகாது. நூறு வருஷமாக எல்லாத் தீயையும் அணைத்து அணைத்து, இப்போது ஏக்கருக்கு நூற்றுக்கணக்கில் மரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.

செல்வி அத்தை: மரம் கூடினால் நல்லதுதானே?

கார்த்தி: சின்ன மரத்தைப் பிடித்து ஏறித் தீ உச்சிக்குப் போய்விடும். அப்புறம் மரத்துக்கு மரம் தாவும். 2011இல் இங்கே ‘வாலோ’ என்று பெயர் வைத்த காட்டுத்தீயில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆனால் ஆல்பைன் என்ற ஊரை ஒட்டி முன்பே மரங்களைக் குறைத்திருந்தார்கள். அங்கே வந்ததும் உச்சித் தீ தரைக்கு இறங்கியது, பல வீடுகள் தப்பின.

மாரி சித்தப்பா: வெட்டின தூர் துளிர்க்காதா? இங்கே சீமைக்கருவேலையைத் தூரோடு பிடுங்காவிட்டால் ஒன்று பத்தாகக் கிளம்பும்.

கார்த்தி: பாண்டரோசா துளிர்க்காது சித்தப்பா. விதையில்தான் முளைக்கும்.

மாரி சித்தப்பா: சரி, கொப்பெல்லாம் எங்கே போகிறது? இத்தனை வருஷம் கரிமூட்டம் போட்டவன் சொல்கிறேன், பருங்கட்டை சட்டென்று பற்றாது. சுள்ளியும் செத்தையும்தான் தீயைப் பிடித்துக் கொடுக்கும். மரத்தை எடுத்துவிட்டுச் சுள்ளியைக் காட்டிலேயே போட்டால் வெட்டினதே வீண்.

கார்த்தி: அதுதான் முக்கியம் சித்தப்பா! கொப்புகளைக் குவித்துப் பனி விழும் காலத்தில் எரிப்பார்கள். பிறகு ஆட்கள் சுற்றி நின்று தரைத்தீ விடுவார்கள். அதைச் செய்யாமல் இயந்திரத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். சின்னக் கட்டைக்கு விலை கிடைக்காது, அதனால் செலவுதான் அதிகம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.

செல்வி அத்தை: உன் வீட்டைச் சுற்றி எப்படி இருக்கிறது?

கார்த்தி: வாசலில் விழுந்த பைன் ஊசியிலையையெல்லாம் அள்ளிவிட்டேன். கூரையில் மட்டும் பாக்கி.

மாரி சித்தப்பா: பொறி பறந்து வந்தால் முதலில் அங்கேதான் விழும். இன்றைக்கே ஏறி அள்ளு.

செல்வி அத்தை: தீ வந்தால் சட்டென்று கிளம்பத் தோதாக, பிள்ளைகள் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கதவுப் பக்கம் வை. அங்கே ஜூலையில் மழை வரும்வரை அந்தப் பையைப் பிரித்து உள்ளே வைத்துவிடாதே.